எழுபத்தைந்தாவது பங்கு

சமைத்ததில் முதல் பங்கு எந்தப் பிள்ளைக்கும் போவதில்லை. அது டப்பாவுக்குப் போகும். சோறு, சூப்பு, கறி, காய், காரமாய் ஊறவைத்த முட்டைக்கோஸ் கிம்சி என்று ஐந்தும் ஐந்து டப்பா. ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது கிராம் என்பது சட்டம். பில்சுன் நூற்று அறுபது வைப்பாள். மூடியில் தேதி, மணி, உணவின் பெயர், எடுத்தவள் பெயர். பிறகு உறைபெட்டியில் ஆறு நாள். அதற்குள் எந்தப் பிள்ளைக்காவது வயிறு கெட்டால் அந்த டப்பா சாட்சி சொல்லும். கெடாவிட்டால் ஆறு நாள் கழித்துக் குப்பைக்குப் போகும். பதினெட்டு வருஷமாக அவளுடைய டப்பாக்கள் குப்பைக்கே போய்க்கொண்டிருந்தன. அதுதான் அவளுடைய பெருமை.

சொல்மொக் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் எழுபத்து நான்கு பேர். எல்லாம் சிப்பி வளர்க்கக் கடலில் கயிறு கட்டுகிறவர்கள், கடற்பாசி காயப்போடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். சமையலறையில் பில்சுனும் கும்நேயும். பில்சுனுக்கு ஐம்பத்தேழு, கும்நே நான்கு வயது இளையவள், வாய் மட்டும் மூத்தது.

"எழுபத்தஞ்சாவது பிள்ள சாப்பிட்டாச்சாக்கா?" என்று உறைபெட்டியைக் காட்டி தினமும் கேட்பாள்.

"சாப்பிட்டாச்சு. உன்ன மாதிரி இல்ல, வாய மூடிக்கிட்டு சாப்பிடும்."

காலை ஏழரைக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டினால் மூன்றரை மணிக்குத்தான் கழற்றுவது. காயை மூன்று தண்ணீரில் அலச வேண்டும். கறிக்கு ஒரு நிறக் கையுறை, காய்க்கு ஒரு நிறம், தரை கழுவ ஒரு நிறம். அண்டாவில் சூப்பைக் கிளறும் அகப்பை படகுத் துடுப்பு நீளம் இருக்கும். கொதிப்பின் நடுவில் ஊசி வெப்பமானியைக் குத்தி எண்ணைப் படித்து எழுத வேண்டும். சிப்பி சேர்த்த சூப்பானால் எண்பத்தைந்து டிகிரிக்குக் கீழே அவள் அடுப்பை அணைத்ததே இல்லை. வலது தோளில் எப்போதும் ஒரு வலிப் பட்டை ஒட்டியிருக்கும். நீராவியில் அது பாதியில் உரிந்து தொங்கும்.

பிள்ளைகளுக்கு அரை மணி முன்னால் தலைமையாசிரியர் ஒரு தட்டு சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இப்போதிருப்பவர் வந்த முதல் நாள் தட்டைத் தொடாமலே பேனாவை எடுத்தார். பில்சுன் நோட்டை மூடிவிட்டாள்.

"சாப்பிட்டுப் போடுங்க சார்."

"இப்பதாம்மா காபி குடிச்சேன்."

"பரவால்ல. நிக்கிறேன்."

நின்றாள். அவர் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவருக்கு அவள்மேல் மரியாதையும் கொஞ்சம் பயமும்.

அந்தத் தலைமையாசிரியருக்கு நவம்பரில் ஒரு யோசனை தோன்றியது. ஊர் பெண்கள் சங்கமும் பள்ளியும் சேர்ந்து மைதானத்தில் கிம்ஜாங் செய்வது. குளிர்காலம் முழுவதற்குமான கிம்சியை ஒரே நாளில் உட்கார்ந்து போட்டு, தனியாக வாழும் கிழவர்களுக்குக் கொடுப்பது, பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள். சத்துணவுத் திட்டத்தைப் பார்க்கும் யேரின் டீச்சர், இருபத்தொன்பது வயதுப் பெண், தயங்கினாள்.

"சார், வெளியில செஞ்ச சாப்பாடு பிள்ளைங்களுக்குக் குடுத்தா நான் பொறுப்பு."

"அது சாப்பாடு இல்ல டீச்சர். பாடம். பாடத்துக்கு நான் பொறுப்பு."

வெள்ளிக்கிழமை மைதானத்தில் நீலத் தார்ப்பாய் விரித்தார்கள். முதல் நாளே உப்பில் ஊறி வடிந்த இருநூறு முட்டைக்கோஸ் மலையாகக் கிடந்தது. மிளகாய்க் கலவை பெரிய ரப்பர் தொட்டிகளில் செக்கச்செவேலென்று இருந்தது. காலை வெயிலில் மூச்சு புகையாக வந்தது. பில்சுனின் கணவன் தொங்சிக் தன் படகிலிருந்து இரண்டு வாளி சிப்பி, அன்று விடிகாலையில் ஓடு உடைத்தது, கொண்டுவந்து இறக்கினான்.

"இந்த வருஷம் சிப்பி எப்படி?" என்று யாரோ கேட்டார்கள்.

"தின்னுட்டு நீ சொல்லு. நான் சொன்னா பெரும பேசுறான்னுவ," என்றான். முகமெல்லாம் பெருமைதான்.

கிம்ஜாங் என்றால் கடைசியில் ஒரு காரியம் உண்டு. முட்டைக்கோஸின் மஞ்சள் நடு இலையைக் கிள்ளி, கலவையும் பச்சைச் சிப்பியும் வைத்துச் சுருட்டி, பக்கத்திலிருப்பவர் வாயில் கையாலேயே திணிப்பது. ஆசிரியர், தபால்காரர், பிள்ளை, யாராக இருந்தாலும் வாயைத் திறந்தே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் கொடுத்தவள் அடுத்த கிம்ஜாங் வரை மறக்க மாட்டாள்.

பில்சுன் சமையலறை வாசலில் வெள்ளை பூட்ஸோடு நின்றாள். உள்ளே பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது.

"இங்க வா தாசொம் அம்மா," என்று பெண்கள் கூப்பிட்டார்கள். தாசொம் சியோலில் வேலை பார்க்கும் அவள் மகள். "உன் வீட்டு சிப்பிக்கு நீயே வராட்டி எப்படி?"

போனாள். ஒரு இலையைச் சுருட்டினாள். பக்கத்தில் இரண்டாம் வகுப்பு சேபோம் நின்றிருந்தது. கிம்சியைப் பார்த்தாலே தட்டின் ஓரத்துக்குத் தள்ளும் பெண். இரண்டு வருஷமாகப் பில்சுன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆ காட்டு."

"காரம்."

"என் கைய நம்பு. காரமிருந்தா துப்பிடு."

சேபோம் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தது. மென்றது. மூக்கில் தண்ணீர் வந்தது. துப்பவில்லை. "இன்னொண்ணு," என்றது. சுற்றியிருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

பில்சுன் சமையலறைக்குத் திரும்பியபோது கையில் அந்தக் கிம்சி ஒரு கிண்ணம் இருந்தது. டப்பாவில் எடுத்து எடை போட்டாள். மூடியில் எழுதினாள்: கிம்ஜாங் கிம்சி, சிப்பி சேர்த்தது, காலை 11.20, வீ பில்சுன்.

"இது எதுக்குக்கா? நம்ம பட்டியல்லயே இல்ல," என்றாள் கும்நே.

"ஊர்க் கறிக்கெல்லாம் டப்பா வைக்கிறேன். என் வீட்டு சிப்பிக்கு ஒண்ணு வச்சா என்ன?"

சந்தேகத்தில் எடுக்கவில்லை, பெருமைக்கு எடுத்தாள். பள்ளி உறைபெட்டியில் பட்டியலில் இல்லாததை வைக்கக் கூடாது என்பதால், ஓய்வறைக் குளிர்பெட்டியின் மேல் உறைதட்டில், கும்நேயின் ஐஸ்கிரீமுக்குப் பின்னால் வைத்தாள்.

திங்கட்கிழமை இருபத்தொரு பிள்ளைகள் வரவில்லை. ஞாயிறு முழுக்க வாந்தி, பேதி. சேபோம் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டு கிடந்தது. பத்து மணிக்குச் சுகாதார நிலையத்திலிருந்து குக் என்ற அதிகாரியும் இரண்டு பேரும் வந்தார்கள். வெட்டுப்பலகை, கத்தி, குழாய்ப்பிடி, கையுறை எல்லாவற்றையும் பஞ்சுக்குச்சியால் துடைத்துச் சோதனைக் குழாயில் போட்டார்கள். உறைபெட்டியைத் திறந்து நான்கு நாள் டப்பாக்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு எடுத்து முத்திரை வைத்தார்கள். சமையலறைக் கதவைப் பூட்டி, திறக்கக் கூடாதென்று ஒரு தாள் ஒட்டினார்கள். கடைசியில் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு சின்னக் குப்பி கொடுத்தார்கள், மலத்துக்கு.

"இதுக்கும் நூத்தம்பது கிராமா சார்?" என்று கும்நே கேட்டாள்.

குக் சிரிக்கவில்லை. "பயறு அளவு போதும்."

பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைப் பட்டியல் அதில் அச்சாகியிருந்தது; சாப்பிட்டதற்கு நேரே குறி போட வேண்டும். நோயில் விழுந்த அத்தனை பிள்ளைகளும் கிம்சிக்கு நேரே குறி போட்டிருந்தார்கள். மைதானத்துக் கிம்சியைப் பற்றி அந்தத் தாளில் வரியே இல்லை. குக் அந்தத் தாள்களை யேரின் டீச்சர் முன்னால் அடுக்கி வைத்தார்.

"கிம்சி யாருகிட்ட வாங்குறீங்க?"

டீச்சர் சொன்னாள். அவள் உதடு காய்ந்திருந்தது. தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைதானம் காலியாக இருந்தது. யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பில்சுனும் சொல்லவில்லை. சேபோமின் பெயர் வருகைப் பட்டியலில் இல்லை என்று கேட்ட நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மூன்று நாளும் பிள்ளைகள் பால் பாக்கெட்டும் ரொட்டியும் தின்றார்கள். பில்சுனும் கும்நேயும் பூட்டிய சமையலறைக்கு வெளியே ஓய்வறையில் உட்கார்ந்து ஏற்கெனவே துவைத்த துணிகளைத் திரும்ப மடித்தார்கள்.

புதன்கிழமை மாலை முடிவு வந்தது. பிள்ளைகளின் வயிற்றில் கண்ட கிருமி டப்பாக்களில் இல்லை. பலகை, கத்தி, கையுறை, குப்பி எதிலும் இல்லை.

"அப்ப கதவத் திறக்கலாமா சார்?" என்றாள் பில்சுன்.

குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டப்பால கிடைக்கலேன்னா இல்லேன்னு அர்த்தம் இல்லம்மா. இந்தக் கிருமி சாப்பாட்டுல சிக்குறது கஷ்டம். பிள்ளைங்க எல்லாரும் கிம்சின்னு போட்டிருக்காங்க. வேற காரணம் எதுவும் கிடைக்கலேன்னா, காரணம் தெரியல, பள்ளிச் சாப்பாடுன்னு சந்தேகம், அப்படித்தான் நான் எழுதணும்."

"எழுதினா?"

"கல்வி அலுவலகம் முடிவு பண்ணும். சின்னச் சமையலறையெல்லாம் மூடிட்டு நகரத்துலேர்ந்து லாரில சாப்பாடு கொண்டுவர ஏற்கெனவே பேச்சு நடக்குது. உங்களுக்குத் தெரியாததா."

தெரியும். அந்த லாரிச் சாப்பாட்டை அவள் ஒரு முறை பயிற்சிக்குப் போனபோது சாப்பிட்டிருக்கிறாள். நாற்பது நிமிஷம் மூடிவைத்த சூப்பு. அதை நினைக்கவே அவளுக்கு அவமானமாக இருந்தது.

வீட்டில் தொங்சிக் சாப்பாட்டு மேசையில் பச்சைச் சிப்பியை மிளகாய்ச் சாந்தில் தோய்த்துக்கொண்டிருந்தான். ஈர வெளிச்சட்டை வாசலில் தொங்கியது. அவள் சோறு போட்டாள், கானாங்கெளுத்தி வறுத்து வைத்தாள், உட்கார்ந்தாள்.

"தாசொம் அப்பா, வெள்ளிக்கிழமக் கிம்சில ஒரு டப்பா எடுத்து வச்சிருக்கேன்."

அவன் மென்றதை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

"எடுத்துட்டேன். நாளைக்குப் பதினொன்னு இருபதுக்கு ஆறு நாள் ஆகுது. அதுக்கு முன்னாடி குக் சார்கிட்ட குடுக்கப் போறேன்."

இப்போது நிறுத்தினான். "அது உன் பட்டியல்ல இருந்துச்சா?"

"இல்ல."

"உன் அடுப்புல வெந்துச்சா?"

"இல்ல."

"அப்ப அது யாருக்கும் பிள்ள இல்ல. தூக்கிக் குப்பையில போடு. எவனும் கேக்க மாட்டான்."

"எழுபத்து நாலு பிள்ள வாய்க்குள்ள போச்சு. ஒண்ணுக்கு நானே ஊட்டுனேன்."

"என் சிப்பியில ஒண்ணும் இல்ல. நாப்பது வருஷமா தினம் தின்னுறேன். இந்தா, இப்பவும் தின்னுறேன். என் வயிறு எப்பவாவது கெட்டிருக்கா?" இன்னொன்றை எடுத்து வாயில் போட்டான்.

"உன் வயிறு வாளி. அது ரெண்டாங்கிளாஸ் பிள்ள."

"சீசன் இப்பதான் தொடங்கியிருக்கு. கடல் முழுக்க மூடுவானுங்க. எனக்கு மட்டுமில்ல, ஊருக்கே. உன் சமையலறைக்காக ஊர அடகு வைப்பியா?"

"இல்லேன்னா சோதனையில இல்லேன்னு வரும். அப்ப நீயே ஊரு முழுக்க சொல்லிக்கோ, என் சிப்பிய அரசாங்கம் சோதிச்சுச்சுன்னு. இருக்குன்னு வந்தா, அப்ப இருக்கு."

"நான் குடுக்காதேன்னா?"

"உங்கிட்ட கேக்கல. சொல்லிட்டுச் செய்யணும்னு சொல்றேன்."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். மீன் தொடாமல் கிடந்தது. பில்சுன் அதைச் சாப்பிட்டு முடித்தாள். வறுத்ததை வீணாக்குகிறவள் இல்லை அவள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு யேரின் டீச்சர் அறையில் டப்பாவைக் குக் முன்னால் வைத்தாள். ஐஸ் பைகளுக்கு நடுவே, மூடி எழுத்து மேலே தெரிய. தலைமையாசிரியரும் இருந்தார்.

குக் படித்தார். "இது பட்டியல்ல இல்லையே."

"பிள்ளைங்க தின்னாங்க. பட்டியல் அப்புறம்."

"எங்க வச்சிருந்தீங்க?"

"ஓய்வறைக் குளிர்பெட்டி. திங்கள்லேர்ந்து காலையும் சாயங்காலமும் வெப்பமானி வச்சுப் பார்த்தேன். மைனஸ் பதினெட்டுக்கு மேல ஏறல. இந்தாங்க." நோட்டிலிருந்து கிழித்த தாளில் தேதியும் எண்ணும் வரிசையாக இருந்தன.

"சிப்பி யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது."

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். குக் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு நாளா தெரிஞ்சுக்கிட்டே வச்சிருந்தேன் சார்," என்றாள் பில்சுன். "அதையும் எழுதிக்கோங்க. என் கையால, கையுறை இல்லாம ஊட்டுனதையும் எழுதுங்க."

குக் எழுதினார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "இந்தம்மா எடுத்து வைக்கலேன்னா சார், நான் உங்க சமையலறையைத்தான் எழுதியிருப்பேன்."

"அது பாடம்..." என்று தலைமையாசிரியர் தொடங்கினார்.

"ஆமா சார். பாடந்தான்," என்றாள் யேரின் டீச்சர். அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

இருந்தது. பிள்ளைகளின் வயிற்றில் இருந்த அதே கிருமி, அதே வகை, டப்பாவிலும் இருந்தது. கடல்நீரைச் சோதித்தார்கள்; அதிலும் இருந்தது. படகுகளில் கழிப்பறை கிடையாது, கடல்தான் என்பது சொல்மொக்கில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதையும் சிப்பியையும் சேர்த்து யோசித்ததில்லை. பிப்ரவரி வரை அந்தக் கடல் சிப்பியைப் பச்சையாக விற்கக் கூடாது, மூட்டை மேல் 'வேகவைத்து உண்ணவும்' என்று ஒட்ட வேண்டும் என்றார்கள். படகுக்கு ஒரு மூடி போட்ட வாளி கொடுத்தார்கள்.

"தாசொம் அப்பா வாளில உக்காந்திருக்கிறத ஒரு நாள் கரையிலேர்ந்து பார்க்கணும்க்கா," என்றாள் கும்நே.

"பார்த்து என்ன செய்யப்போற?"

"கைதட்டுவேன்."

தொங்சிக் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டான், படகுக்குப் போனான், வந்தான். ஊரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொதுக் குளியலறையில் பெண்கள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுவார்கள். பில்சுன் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் முக்காலிகள் நகர்ந்தன. எட்டாத முதுகோடு அவள் தன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெந்நீர்த் தொட்டியிலிருந்து கும்நே எழுந்து வந்து, தோல் சிவக்கும்வரை தேய்த்தாள்.

"மெதுவா. அண்டாவா தேய்க்கிற?"

"அண்டான்னா இவ்ளோ அழுக்கு இருக்காது," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பதினெட்டு வருஷத்துல ஒரு டப்பா பேசுச்சு. அதுவும் இவ வீட்டுக்கு எதிரா பேசுச்சு. வேற எவளாவது எடுத்துக் குடுத்திருப்பாளா? எனக்குத் தெரிஞ்சு நான் குடுத்திருக்க மாட்டேன். ஐஸ்கிரீமோட சேர்த்துத் தின்னுருப்பேன்."

மூலையில் ஒருத்தி சிரித்துவிட்டாள். சேபோமின் அம்மா. மற்றவர்கள் சிரிக்கவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் சமையலறைக் கதவிலிருந்த தாளை யேரின் டீச்சர் தன் கையால் கிழித்தாள். பில்சுன் ஆறரைக்கே வந்துவிட்டாள். தரையை வெந்நீர் ஊற்றி இரண்டு முறை கழுவினாள். சோறு, பாசி சூப்பு, சோயா பன்றிக்கறி, கீரை, கிம்சி. ஐந்து டப்பாவும் எடுத்தாகிவிட்டது. தலைமையாசிரியர் கேட்காமலே உட்கார்ந்து சூப்பைக் கடைசி வரை குடித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒன்று சொன்னார்.

"இனி பள்ளிக்கூடத்துக்குள்ள எது வந்தாலும், வாசல்ல விக்கிற மிட்டாயா இருந்தாலும், முதல்ல உங்க டப்பாவுக்குத்தான்மா. எழுதிப் போட்டுட்டேன்."

"சரி சார்," என்றாள். அண்டா பக்கம் திரும்பிய பிறகுதான் முகத்தைத் தளர விட்டாள்.

சேபோம் வரிசையில் வந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கிம்சியைப் பார்த்தது.

"இது அந்தக் கிம்சியா பாட்டி?"

"இல்ல. இது வேற."

"எனக்கு வேணாம்." கொஞ்சம் யோசித்தது. "நீங்க ஊட்டுனா சாப்பிடுறேன்."

பின்னால் வரிசை நின்றது. பில்சுன் தன் கையுறைக் கையைப் பார்த்தாள்.

"ஊட்ட மாட்டேன்," என்றாள். இடுக்கியால் ஒரே ஒரு துண்டை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தாள். "தின்னா தின்னு. இல்லேன்னா விடு."

சேபோம் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளியது. பில்சுன் அடுத்த தட்டை வாங்கினாள். பிறகு தட்டுகள் கழுவ வந்தபோது ஓரத்துத் துண்டு பாதி கடித்திருந்தது. பாதி என்றால் பாதிதான். அதைக் கும்நேயிடம் காட்டாமல் வழித்துப் போட்டாள்.

ஜனவரியில் ஒரு மாலை சூப்புக்கு நெத்திலி எடுக்க வீட்டு உறைபெட்டியைத் திறந்தாள். நெத்திலிப் பைக்கு மேலே டப்பாக்கள் இருந்தன. ஆறு. ஒவ்வொன்றும் அரைக் கிலோ பிடிக்கும் பெரிய டப்பா, மூடி வரை சிப்பி. மூடியில் படகுக்குப் பெயர் எழுதும் மையால் கோணல் எழுத்து: தேதி, காலை 5.40, சிப்பி, மூன்றாவது கயிறு, மா தொங்சிக். ஆறுக்கும் ஆறு தேதி, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அவளுடைய மீன், கறி, பண்டிகைக்கு வைத்திருந்த அரிசி அப்பம் எல்லாம் கீழே நசுங்கிக் கிடந்தன.

தொங்சிக் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"எட கூட இருக்கு," என்றாள். "நூத்தம்பது கிராம் போதும்."

"சிப்பிக்காரன் நூத்தம்பது கிராம் அளந்து வச்சான்னு தெரிஞ்சா ஊரு சிரிக்கும்."

"ஏழாவது நாளோடது எங்க?"

"நேத்து நான் எடுத்துக் குடுத்தத சூப்புல போட்டியே. அது என்னன்னு நெனச்ச?"

"எண்பத்தஞ்சு டிகிரி வந்துச்சான்னு நான் பார்க்கலயே."

"நான் பார்த்தேன்," என்றான். சட்டைப் பையிலிருந்து புது ஊசி வெப்பமானியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

பில்சுன் நசுங்கிய அரிசி அப்பத்தை வெளியே எடுத்தாள். ஆறு டப்பாக்களையும் தேதி வரிசையில், எழுத்து முன்பக்கம் தெரியும்படி திருப்பி அடுக்கினாள். மற்றதற்கெல்லாம் இடமில்லை. இல்லாவிட்டால் போகட்டும் என்று கதவைச் சாத்தினாள்.